ஞானதாஸ் அடித்த கோல்

ஞானதாசே, நீ போன பிறகு எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை.

திருவிதாங்கூரில் இருந்த பாறசாலை தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நானும் ஞானதாசும் ஒன்றாகத்தான் ஊர்வலம் போனோம். பந்து விளையாட மட்டும் அவன் நெய்யாற்றின்கரை டீமுக்குப் போவான். அதில் பாதிப் பேர் மலையாளிகள், எங்கள் போராட்டத்துக்கு எதிரானவர்கள். மார்த்தாண்டத்துத் தமிழ்ப் பையன்களோடு மேட்ச் வந்தபோது, "நம்ம ஆளுகளுக்கு எதிரா இறங்காதலே" என்று கெஞ்சினேன்.

"ஊர்வலத்துக்கு வாறேன், ஜெயிலுக்கும் வாறேன். டீமை விட்டுட்டு வரமாட்டேன் மக்கா" என்று சிரித்தான்.

அவன் அடித்த ஒரே கோலில் மார்த்தாண்டம் தோற்றது. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒருவரும் அவனிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. மஞ்சள் காமாலையில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டும் போய்ப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்குத்தான் போனேன். பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவனைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். அன்று தோற்ற மார்த்தாண்டம் டீமின் கோல்கீப்பர்!

கல்லறைத் தோட்டத்தில் என் பக்கம் வந்து நின்றான். "என்னா அடி அடிச்சான்! பந்து வந்த வழி எனக்கு இப்பவும் பிடிபடல்ல. நீ இவனுக்க கூட்டுக்காரனாக்கும்?"

ஆமாம் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளக் குழிப் பக்கம் நகர்ந்தேன்.

போராட்டம் ஜெயிக்குமா, தோற்குமா என்று யோசிக்கக்கூட இப்போது தெம்பில்லை. அவனுக்காக முழங்காலில் நின்றாலும் வார்த்தை வர மாட்டேன் என்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். எங்கள் ஞானதாசுக்காக நீங்கள் எல்லாரும் ஜெபம் பண்ணுங்கள்.