தீப்பெட்டிக் கம்ப்யூட்டர்

எழுபதுகளின் கடைசியில், எனக்குத் தெரிந்து, போர்ட் பிளேரில் ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. அந்த ஊரில் உட்கார்ந்து நான் ஒரு கம்பைலரைச் சோதித்துப் பார்த்தேன் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த நண்பன் கப்பல் தபாலில் அதைக் காகிதத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தான். மனிதர் எழுதும் கட்டளையை இயந்திரத்துக்குப் புரியும் பொடிப்பொடிக் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரல் அது. அவனும் கூட்டாளிகளும் எழுதியது. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம், தப்பு இருந்தால் சொன்னால் போதும் என்றிருந்தான். இயந்திரம் இல்லாதவனிடம் கேட்கிறானே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு, இயந்திரம் இல்லாவிட்டால் என்ன, ஆள் இருக்கிறோமே, நாமே இயந்திரமாகி விளையாடிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

உண்மைக் காரணம் வேறு. அந்த வருஷம்தான் எங்கள் பிள்ளை இறந்தான். வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் போகும் வழியில், கப்பலிலேயே. கடலில்தான் விட்டோம். திரும்பி வந்ததிலிருந்து என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. சமைப்பாள், துவைப்பாள், கேட்டால் தலையாட்டுவாள். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அந்த மௌனத்தோடு தனியாக இருக்க எனக்குப் பயமாகவே இருந்தது. இந்த விளையாட்டிலாவது வாய் திறக்க மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

ஞாயிறு மதியம் உட்கார்ந்தோம். நான்தான் கம்பைலர். நான் எழுதும் கட்டளைகளை நண்பனின் நிரல் விதிப்படி மாற்றித் துண்டுச் சீட்டுகளில் எழுதுவேன். பக்கத்து வீட்டுக் கடைக்கார பாய், ராமநாதபுரத்துக்காரர், அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்பார். என் மனைவிதான் இயந்திரத்தின் ஞாபகம். சாத்தம் மர அறுவை மில்லில் வாங்கிய பலகையில் தீப்பெட்டிகளை ஒட்டி, ஒன்றின்மேல் 'மொத்தம்' என்று எழுதியிருந்தோம். பாய் படிக்கப் படிக்க, பெட்டிக்குள் இருக்கும் எண்ணை அவள் மாற்றி எழுதி வைக்க வேண்டும். கடைசியில் கேட்டால் விடையைச் சொல்ல வேண்டும்.

முதல் நிரலை முட்டாளுக்கும் விடை தெரிகிற மாதிரி எழுதினேன். எல்லாப் பெட்டியையும் சைபராக்கு. மொத்தப் பெட்டியில் எனக்காக ஒன்று கூட்டு. அவளுக்காக ஒன்று கூட்டு. வீட்டில் எத்தனை பேர், சொல்.

"மூணு" என்றாள்.

பல மாதம் கழித்துக் கேட்ட குரல். அவளுடையது போலவே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவனுக்கு முதுகு சில்லிட்டது.

பாய் சிரித்தார். நானும் நண்பனின் கம்பைலரில் தப்பைப் பிடித்துவிட்டேன் என்று சமாளித்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தேன். தப்பே இல்லை. மறுபடி ஓட்டினோம்.

"மூணு."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெளியே மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, வீட்டுக்குள் மதியமே இருட்டிவிட்டது. விதியைத் தவிர வேறெதையும் நாங்கள் செய்யவில்லை. ஆனாலும் யாரும் கணக்கில் சேர்க்காத ஓர் ஆள் உள்ளே வந்துவிட்டான். எங்களைத் தவிர இன்னொருவர் அங்கே மூச்சு விடுவதாகவே எனக்குப் பட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. "இது நல்லா இல்ல தம்பி. பந்த் கரோ, நிறுத்திடு. ரெண்டு பேரு இருக்கிற வீட்ல மூணுங்குது."

நான் அவளிடம் கேட்டேன். "எல்லாப் பெட்டியையும் சைபராக்கினியா?"

அவள் மொத்தப் பெட்டியை விரலால் மூடிக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் ஆக்கிட்டேன். இதுல அவன வச்சிருக்கேன்" என்றாள். "அவன எப்படிங்க சைபர்னு எழுதுறது?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். பேனாவை எடுத்து என் நிரலில் இன்னொரு வரி சேர்த்தேன். அவனுக்காக ஒன்று கூட்டு. அதையும் விதிப்படி மாற்றி, சீட்டுகளைப் பாயிடம் கொடுத்தேன்.

இந்த முறை அவள் எல்லாப் பெட்டியையும் சைபராக்கினாள். மொத்தப் பெட்டிக்கு மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பாய் சீட்டுகளைப் படித்தார். அவனுடைய சீட்டை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார்.

"மூணு" என்றாள் அவள். கப்பலில்கூட அழாதவள், அந்தப் பலகை நனையும்படி அழுதாள்.