கதவு வரைக்கும் எட்டிய ஓஸ்

எங்கள் வீட்டுச் சுவருக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. தண்ணீர்க் குழாய் இல்லை, கரண்டுக் குழாயும் இல்லை. தூசி போகிற குழாய். கீழே ஹாலில் ஒரு மூடி, மாடி நடையில் ஒரு மூடி. மூடியைத் திறந்து ஓஸைச் சொருகி, வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஷெட்டில் இருக்கிற மோட்டாரைப் போட வேண்டும். வீட்டுத் தூசியெல்லாம் சுவர் வழியாகவே போய் அங்கே ஒரு டப்பாவில் விழும். போடிநாயக்கனூரில் வேறு எந்த வீட்டிலும் இது இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது மோட்டார் இருந்தது, குழாய் இருந்தது, மூடிகள் இருந்தன. ஓஸ் மட்டும் வாங்கியிருக்கவில்லை. ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதைதான்.

அவருக்கு வீசிங். மலையில் ஏலத்தோட்டம், அங்கேயே காய் உலர்த்துகிற ஸ்டோர். அந்தப் புகையையும் காய்த் தூசியையும் வருஷக்கணக்காகக் குடித்த நெஞ்சு. வீட்டில் விளக்கமாறு எடுத்தாலே இழுக்க ஆரம்பித்துவிடும். பூப்பாறைப் பக்கம் ஏதோ ஒரு ரிசார்ட்டில் இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு வந்து, வீடு கட்டும்போதே சுவருக்குள் போட்டுவிட்டார். "தூசி வீட்டுக்குள்ளயே சுத்தாம வெளிய போயிரும்ல" என்றார். எங்கள் ஒரே மகளுக்கும் அதே நெஞ்சு. அப்பா சொத்தில் அவளுக்கு முதலில் வந்து சேர்ந்தது அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து ஒருவர் வெளியூர் கிளம்பினால், அவர் போய்ச் சேருகிற வரைக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது. போன் இல்லாத காலத்தில் எப்படித்தான் சமாளித்தார்களோ. எங்களுக்கு அது சுலபமாக இருந்தது. அவர் ஜீப்பில் மலையேறுவார். போடிமெட்டில் டவர் கிடைத்ததும் போன் போடுவார். "ஏறிட்டேன். வீட்டைக் கூட்டிக்க." அவ்வளவுதான், வைத்துவிடுவார். சாப்பிட்டாயா, என்ன செய்கிறாய், எதுவும் கிடையாது. கல்யாணமான புதிதில், இது என்ன புருஷனா கங்காணியா என்று கோபம் வரும். பிறகு அந்தக் குரல் வந்தால்தான் கை விளக்கமாற்றுக்குப் போகும் என்று ஆகிவிட்டது.

கடைசியாகப் போன அன்றைக்குப் போன் வரவில்லை. பாதி மலையிலேயே மூச்சு நின்றுவிட்டது. டிரைவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். துக்கத்துக்கு வந்த ஒரு சின்னம்மா என் கன்னத்தைத் தடவி, "அவரு அங்கிட்டுப் போகவும் இங்கிட்டுக் கூட்டிப்புட்டியா ஆத்தா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையும் அதுதான். அந்த அம்மாளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

எடுத்துக்கொண்டு போனதும் பெண்கள் சேர்ந்து கீழ்வீட்டைக் கழுவிவிட்டார்கள். மாடி அறையை மட்டும் நான் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அது அவருடைய அறை. அன்று காலை கிளம்புவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, சாம்பிள் காயைப் பிளந்து, உள்ளே ஏலரிசி நன்றாகக் கறுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தோலும் காம்புமாக அப்படியே கிடந்தது. போன் வந்ததும் கூட்டலாம் என்று விட்டிருந்தேன். போன் வரவில்லை. வரவில்லை என்றால் கூட்டக் கூடாது. என் மண்டைக்குள் இருந்த நியாயம் இவ்வளவுதான். யாராவது கேட்டிருந்தால் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் அழவும் இல்லை. சோறு ஆக்கினேன், தின்றேன், டிவி ஓடியது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தொட்டால் தெரிகிறது, வலி மட்டும் இல்லை. ஊரில் சிலர் என்னை நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது, பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கருமாதிக்கு வந்த மகளுக்கு இரண்டாம் நாளே இழுப்பு கண்டுவிட்டது. தேனிக்குக் கொண்டுபோய் மூக்கில் மாஸ்க் வைத்துத்தான் சரியாயிற்று. அவளுக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை, எங்கிருந்தும் செய்யலாம். ஊருக்குத் திரும்பும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "மூச்சு விட முடிஞ்சா நான் உன்கூட இங்கயே இருந்துக்கிறேன்மா. தோட்டத்தையும் பார்த்துக்குவேன். முடியலைன்னா நீ வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துரணும். முதல்ல அந்த ஓஸை வாங்கு."

எனக்குச் சென்னைக்குப் போக இஷ்டமில்லை. மகள் கூட இருக்க வேண்டும் என்பதும் ஆசை. ஆக, எல்லாம் ஓர் ஓஸில் வந்து நின்றது.

மோட்டார் கொடுத்த கோயம்புத்தூர்க் கடையில் ஓஸ் வாங்க வேண்டும் என்று என் கொழுந்தனாரிடம் சொன்னேன். "ஒரு ஓசுக்குக் கோயமுத்தூரு வரைக்கும் போகணுமா மதினி? நம்மகிட்ட இல்லாத ஓசா?" என்றவர், மறுநாளே தோட்டத்தில் குட்டையிலிருந்து தண்ணீர் இழுக்கிற பச்சை ஓஸைச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சுவர் வாய்க்கு அது கொஞ்சம் லூசாக இருந்தது. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து வரிந்து கட்டினார். மோட்டாரைப் போட்டதும் வீடே ஊளையிட்டது. மலைப்பாம்பை வாலைப் பிடித்து இழுப்பது போல அதை இழுத்துக்கொண்டு ஹாலைச் சுற்றினார். உள்ளே வளையம் வளையமாக மேடு இருந்ததால் முடியும் நூலும் ஒவ்வொரு மேட்டிலும் சிக்கின. கொஞ்ச நேரத்தில் வளைவில் அடைத்துக்கொண்டது. கொழுந்தனார் ஓர் உதை விட்டுப் பார்த்தார், குச்சியை விட்டுக் குத்தியும் பார்த்தார். "காத்து நல்லாத்தான் இழுக்குது மதினி, தூசிதான் வரமாட்டேங்குது" என்றார். மற்ற நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

பிறகு அந்தக் கோயம்புத்தூர்க் கடைக்கே போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். நல்ல பொறுமைசாலி.

"வீட்ல கார்ப்பெட் இருக்குங்களா மேடம்?"

"கோரைப்பாய் இருக்கு."

"அப்படின்னா கரண்ட் ஓடற ஓஸ் உங்களுக்கு வேண்டாங்க. அது கார்ப்பெட்டைத் தேய்க்கற பிரஷ்ஷுக்குத்தான். வெறும் டைல்ஸுக்குச் சாதா ஓஸே போதும்."

உள்பக்கம் வழுவழுவென்று இருக்க வேண்டும், மிதித்தால் நசுங்காமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் வேண்டும், கையில் தூக்கினால் கனக்கக் கூடாது, பிடி சுழல வேண்டும், இல்லையென்றால் ஓஸ் முறுக்கிக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கதவு நிலையில் உரசிப் பாலிஷ் போகாமல் இருக்க மேலே துணி உறையும் போட்டுக்கொள்ளலாமாம். பிடியிலேயே சுவிட்ச் வேண்டுமா என்றாள். வேண்டும் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஷெட்டுக்கு யார் ஓடுவது?

"நீளம்தான் மேடம் முக்கியம். ரொம்ப நீளமா வாங்கினா தூக்கி வைக்கறது உங்களுக்குத்தான் கஷ்டம், இழுவையும் கொஞ்சம் குறையும். ஒரு கயிறை மூடிகிட்ட புடிச்சுட்டு, கட்டில் பீரோவையெல்லாம் சுத்திட்டு, ரொம்பத் தூரத்துல இருக்கற மூலை வரைக்கும் கொண்டுபோங்க. கீழ ஒரு தடவை, மேல ஒரு தடவை. எது அதிகமோ அதைச் சொல்லுங்க."

சாக்கு தைக்கிற சணலை எடுத்துக்கொண்டு அளந்தேன். கீழே சமையலறை மூலை வரைக்கும் போயிற்று. அங்கே ஒரு முடிச்சுப் போட்டேன். மாடிக்குப் போய் நடையில் இருக்கிற மூடியில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு, மகளுடைய பழைய அறைக்குள் போய்க் கட்டிலைச் சுற்றி வந்தேன். அடுத்து அவருடைய அறை. நடையின் கடைசியில் இருக்கிறது. சணல் பூட்டிய கதவு வரைக்கும் போயிற்று. இடுப்பில் சாவி இருந்தது. கதவடியில் விரலை வைத்து அங்கேயே முடிச்சுப் போட்டேன். கீழே போட்ட முடிச்சைவிட அது தள்ளித்தான் விழுந்தது.

"மூலை வரைக்கும் அளந்துட்டீங்களா மேடம்?" என்று போனில் அந்தக் கடைப் பெண் கேட்டாள்.

"அளந்துட்டேன்."

ஓஸ் வந்து சேர்ந்தது. சாம்பல் நிறத்தில், அவள் சொன்ன குணமெல்லாம் இருந்தது. கீழ்வீட்டையும் மாடி நடையையும் தினமும் இழுத்தேன். வேலை என்று ஒன்று இருந்ததால் பொழுது போயிற்று. மகளும் வந்தாள். முதல் சில நாள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு காலையில் எழுந்ததும் விசில் மாதிரி ஒரு சத்தம் அவள் நெஞ்சில் கேட்க ஆரம்பித்தது. மாடியில் அவள் அறைக்கும் அந்த அறைக்கும் ஒரே நடை. பூட்டிய கதவடியில் ஈரத் துண்டை அணைத்து வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

ஒரு நாள் அவளே ஓஸைச் சொருகி, நடையோடு இழுத்துக்கொண்டு போனாள். கதவு நிலையில் ஓஸ் விறைத்து நின்றது.

"என்னம்மா இது, நெலப்படியோட நின்னுருச்சு?"

"அம்புட்டுத்தான் அளந்தேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். சாவி கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஓஸைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு, இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். இரவு சாப்பிடும்போது, மாத முடிவில் சென்னைக்கு டிக்கெட் பார்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் சேர்த்துத்தான் கேட்டாள். சட்டினியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

போவதற்கு முன் ஒரு தடவை தோட்டத்தில் காய் எடுப்பதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சித்தப்பாவின் ஜீப்பில் கிளம்பினாள். "சுவெட்டர் எடுத்துக்கிட்டியா? அந்த மருந்து?" என்றேன். எடுத்துக்கொண்டதாகக் கையைக் காட்டினாள். ஜீப் தெரு முனை திரும்பியது. அவர் போன பிறகு, என் வீட்டு ஆளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற முதல் ஜீப் அதுதான்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். காலையில் அவள் தலை சீவிய முடி ஹாலில் கிடந்தது. கூட்டவில்லை. ஓஸையும் தொடவில்லை. பிளாஸ்டிக் குழாயால் உறிஞ்சினால் அது கூட்டுவதில் சேருமா சேராதா என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். அடுப்பில் உலை வைத்து, மறந்து, தண்ணீர் சுண்டிப் பாத்திரம் காந்தியது. அவர் வழக்கமாகப் போன் போடுகிற நேரம் தாண்டியது. மலையைப் பார்த்தேன். மெட்டுப் பக்கம் மேகம் இறங்கிக் கிடந்தது. நான் போட்டு அவள் எடுக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று போடாமலே இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை மாதத்தில் எனக்கு ஒழுங்காகத் தோன்றிய முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான்.

போன் அடித்தது.

"அம்மா, செக்போஸ்ட்ல வண்டி வரிசையா நின்னுச்சு, அதான் லேட்டு. ஏறிட்டேன். மூச்சு நல்லாருக்கு." காற்றுச் சத்தம் கேட்டது. "வீட்டைக் கூட்டிக்க. மாடியையும் கூட்டிக்க."

வைத்துவிட்டாள். அப்பன் மாதிரியே, அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லாமல்.

மாடிக்குப் போனேன். ஓஸைச் சொருகினேன். ஈரத் துண்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அறையில் ஏலக்காய் வாசம் போயிருந்தது, வெறும் தூசி வாசம்தான். ஜன்னலுக்குக் கீழே தோலும் காம்பும் அன்றைக்குக் கிடந்தபடியே கிடந்தன. ஓஸ் நிலைப்படியோடு நின்றுவிட்டது. நான் அளந்த அளவுதானே, யாரைக் குறை சொல்ல? கீழே போய் விளக்கமாற்றைக் கொண்டுவந்தேன். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, தூசி கிளம்பாமல், ஜன்னலடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நிலைப்படிக்குக் கொண்டுவந்து ஓஸின் வாயில் தள்ளினேன். தூசி சத்தமில்லாமல் போயிற்று. தோல் சரசரவென்று போயிற்று. பிளக்காத ஒரு முழுக் காயும் அதில் இருந்திருக்கிறது. ஓஸுக்குள் கடகடவென்று உருண்டு, சுவருக்குள் ஏறி, திரும்பி, என் பக்கத்திலேயே கீழே இறங்கி, ஹாலைத் தாண்டி, வெளியே ஷெட்டில் டப்பாவில் போய் விழுந்த சத்தம் வரைக்கும் கேட்டது.

சுவிட்சை அணைத்துவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நன்றாகச் சத்தம் போட்டு அழுதேன். அடக்க ஆளில்லை.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அவருக்கு ஒரு நாளும் இப்படித் திருப்பிப் போட்டதில்லை. அவர் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன், அத்தோடு சரி.

"கூட்டிட்டேன் ஆத்தா" என்றேன்.