அண்ணனுக்கு வாங்கிய நண்டு

ஞாயிறு சாயங்காலம் சைனிக்புரிக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிறேன் என்று அண்ணன் போன் பண்ணியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்துப் பையனைக் கட்டிக்கொண்டேன் என்று மூன்று வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவன், ஆபீஸ் வேலையாகச் செகந்திராபாத் வந்திருந்தான். என் வீட்டில் அவன் கை நனைக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

தூத்துக்குடிக்காரனுக்கு நண்டு இல்லாமல் விருந்தா? காலையிலேயே மார்க்கெட் போய், மீன்காரரோடு மல்லுக்கட்டி, சதைப்பிடிப்பான நண்டாகப் பொறுக்கினேன். இறாலும் வாங்கி எல்லாவற்றுக்கும் மசாலா தடவி வைத்தேன். வீட்டுக்குப் பின்னால், வெல்டிங் கடையில் சொல்லிச் செய்த கம்பி அடுப்பில் கரி போட்டுச் சுடுவதாகத் திட்டம். தட்டு நிறைந்து தெரியட்டுமே என்று கத்திரிக்காய், குடைமிளகாய், சோளக்கதிர்.

வந்தான். கழுத்தில் மாலை.

"வேளாங்கண்ணிக்கு நடந்து போறதா நேர்ந்திருக்கேன்ட்டி. கவிச்சி கிடையாது. காப்பி மட்டும் போதும்."

எனக்கு என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஊரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். ஆனால் இங்கே காலண்டரில் என் வீட்டுக்காரருடைய மாதாப்பூர் சாஃப்ட்வேர் ஆபீஸ் ரிலீஸ் தேதிகளைத் தவிர வேறொன்றும் இல்லையே, மாதா திருவிழா எங்கே ஞாபகம் வரும்? சாப்பிடாமல் தப்பிக்க மாலை ஒரு சாக்கோ என்றும் தோன்றியது. சுருக்கென்று நாலு வார்த்தை கேட்க வாய் திறந்தேன்.

அதற்குள் இவர் எழுந்து நண்டுச் சட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அடுப்புக் கம்பியைப் புளி போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"எங்கப்பா சபரிமலைக்கு மாலை போடுவார். நாப்பத்தொரு நாளும் வீட்டுல இப்படித்தான்" என்றார், தேய்த்துக்கொண்டே.

அண்ணன் நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

முதலில் காய்கறி ஏறியது. கத்திரிக்காய் தோல் வெடித்து மணந்தது. எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்த சோளக்கதிரோடு புதுத் தட்டில் வைத்து இவர் நீட்டினார். அண்ணன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். தொடவில்லை.

பிறகுதான் நண்டு. தட்டோடு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டவனுக்கு அங்கேயும் சும்மா இருக்க முடியவில்லை.

"கவுத்துப் போடுங்க. ஓடு செவந்துட்டுல்லா, எடுங்க. கருக விடாதீங்க."

தின்னாதவனுடைய அதிகாரத்தைப் பாருங்களேன். எனக்கோ அவன் மடியில் ஆறிப்போகும் தட்டின் மேலேயே கண். இறால் வெந்தது, நாங்கள் உட்கார்ந்தோம். நண்டுக் காலை எந்தப் பக்கம் கடிப்பது என்று தெரியாமல் இவர் முழிக்க, அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கத்திரிக்காயைப் பிட்டு வாயில் போட்டான். மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"மாப்ள, உங்க வீட்டுல உப்புங்கிற பொருளே கிடையாதா?"

மாப்ளயாம். மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் என் சமையலைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. உப்பு டப்பாவை எடுக்க ஓடினேன்.