சொரணை இருக்குதா என்று கேட்ட நாள்

1. உணர்ச்சி

ஜவ்வாது மலையில் நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குத் திருப்பத்தூர் பக்கம் அடிவாரக் கிராமம். டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்த தமிழை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தேன்.

தோலில் நிறம் மங்கிய தேமல் இருந்தால் அந்த இடத்தைச் சோதிக்க வேண்டும். நாங்கள் அதை ‘பேட்ச்’ என்போம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேனா முனையால் லேசாகத் தொட வேண்டும். தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். "உணர்ச்சி இருக்கா?" என்று கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம்.

வரிசையில் முதலில் வந்த பெரியவரிடம் அப்படியே கேட்டேன். பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கண்ணைத் திறந்து, "இந்த வயசுல அதெல்லாம் இன்னாத்துக்கு நர்சம்மா?" என்றார். அந்த வார்த்தைக்கு சினிமா வேறு அர்த்தம் கொடுத்து வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வேற வார்த்தை பாருங்க சிஸ்டர்," என்று டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். எங்கள் அப்பா பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்று, பாதி வாயில் சொரணையே இல்லை என்று சொன்னது ஞாபகம் வந்தது. சொரணை நல்ல வார்த்தையாகப் பட்டது. பெண்களிடம் கேட்டேன், பிள்ளைகளிடம் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

2. சந்தையில் கேம்ப்

ஜமுனாமரத்தூர் சந்தை நாளில் ஓரமாகத் தார்ப்பாய் கட்டி, பெஞ்ச் போட்டு கேம்ப் நடத்துவோம். அங்கேதான் பொன்னன் வந்து உட்கார்ந்தார். சாமை மூட்டையை இறக்கிவிட்டு வந்த விவசாயி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. பொன்னனின் வலது முன்கையில் தேமல் தெளிவாகத் தெரிந்தது.

கண்ணை மூடச் சொல்லித் தொட்டேன். பதில் இல்லை. சந்தைச் சத்தத்தில் கேட்கவில்லை போல என்று நினைத்து, மிளகாய்க் கடை வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அண்ணா, சொரணை இருக்குதா இல்லியா? வாயத் தொறந்து சொல்லுங்க!"

மிளகாய்க் கடைக்காரர் விடுவாரா? "ஏம்பா பொன்னா, நர்சம்மா கேக்குறாங்கல்ல? இருந்தா சொல்லேன்!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொன்னன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். வெள்ளை வேட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

"இன்னா திமிரு பாரு!" என்று பக்கத்தில் இருந்த சிஸ்டரிடம் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொன்னன் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இப்பவே மாத்திரை குடுக்கலன்னா அந்தக் கை விரல் மடங்கிடும் சிஸ்டர். நாளைக்கு நீங்களே வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க," என்றார்.

3. வளையல்

மறுநாள் முணுமுணுத்துக்கொண்டே மேடேறிப் போனேன். பொன்னனின் மனைவி சின்னப்பொண்ணு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பொன்னன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாண்ணா, நேத்து அப்படி எழுந்து போய்ட்டீங்க?"

"சொரணை இருக்கறதாலதான் எழுந்து வந்தேங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. "எம்பொண்ணக் கட்டிக்கப் போற பையனோட அப்பாவும் மாமனும் பக்கத்துல நின்னாங்க. நாலு பேருக்கு நடுவுல எனக்கு சொரணை இருக்குதான்னு கேக்குறீங்க. இன்னான்னு சொல்றது நானு?"

அந்த வார்த்தை பாதி மானம், பாதி தோல் என்பது எனக்குத் தெரியாதா? சண்டையில் நானே எத்தனை பேரை அப்படிக் கேட்டிருக்கிறேன்! வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கேட்டால் வைத்தியம் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறேன்.

சின்னப்பொண்ணு சமாதானத்துக்கு வந்தார். "கோச்சிக்காதீங்க நர்சம்மா. அந்தக் கையில திமிரு புடிச்சிக்குதுங்க அவருக்கு. நேத்து சோத்துப் பானைய எறக்கும்போது சுட்டிருக்குது, அதுகூட தெரியல."

மரத்துப்போவதை அவர்கள் திமிர் என்று சொல்வார்கள். சந்தையில் நான் ஏளனமாக வீசிய அதே வார்த்தை. சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் எழும்பியிருந்தது. எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து பையில் பேனாவைத் தேடுவது போலத் தேடிக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடி, தொட்டால் "ம்" சொல்லுங்கள் என்று சொல்லிச் சோதனையை ஆரம்பித்தேன். தொட்ட போதெல்லாம் சரியாக "ம்" என்றார். தப்பித்தார் என்று எனக்கு நிம்மதி. நடுவில் ஓர் ஈயை விரட்டக் கையை வீசினேன். அவரைத் தொடவே இல்லை. "ம்" என்றார்.

என் கண்ணாடி வளையல் சத்தத்துக்குத்தான் அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஏமாற்றவும் இல்லை. வளையல் குலுங்கினால் தொடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வளையலைக் கழற்றப் போனேன். சின்னப்பொண்ணு பதறிவிட்டார். "ஐயோ, எங்க வூட்ல வெச்சி வளையல கழட்டாதீங்க, நல்லால்ல!" என்று சொல்லித் தன் துண்டை எடுத்து, வளையலோடு சேர்த்து என் கையைச் சுற்றிக் கட்டிவிட்டார். அவர்களை நான் சந்தையில் தலைகுனிய வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் என் தாலி பாக்கியத்துக்குக் கவலைப்படுகிறார்.

திரும்பவும் தொட்டேன். தேமலின் நடுவில், ஓரத்தில், கொப்புளத்துக்குப் பக்கத்தில். கண்ணை மூடியபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பேனா முனை அவர் கையின் மேல் இருக்கும்போதே கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலியா நர்சம்மா?"

சின்னப்பொண்ணு அழ ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பொன்னன் கண்ணைத் திறந்தார். நிலைமை புரிந்ததும் முதலில் கேட்டது கையைப் பற்றி அல்ல. "எம்பொண்ணு கல்யாணம் நின்னுடுமா?"

"இது குணமாயிடும்ணா. மாத்திரை ஆரம்பிச்சிட்டா யாருக்கும் ஒட்டாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சந்தைக்கே கேக்கற மாதிரி கத்திட்டீங்களே," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

4. அதே பெஞ்ச்

சம்பந்தியிடம் பொன்னனே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பையனின் அப்பா என்னைத் தேடி வந்து, நிஜமாகவே குணமாகுமா என்று கேட்டுவிட்டுப் போனார். கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். போனேன், பந்தியில் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மாத்திரை முடிந்ததும் பொன்னன் சந்தைக் கேம்ப்புக்கு வந்தார். விரல் மடங்கவில்லை. இப்போது கேம்ப்பில் துணி மறைப்பு கட்டியிருந்தேன், அதற்குள்ளே வரச் சொன்னேன். மாட்டேன் என்று வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்தார். மிளகாய்க் கடைக்காரர் இந்தப் பக்கம் பார்த்தார்.

"கேளுங்க நர்சம்மா," என்றார் பொன்னன் எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்னிக்குக் கேட்டீங்களே, அதையே கேளுங்க. இன்னிக்கு பதில் சொல்றேன்."

கைக்குட்டையால் வளையலைக் கட்டிக்கொண்டு, "தொட்டா தெரியுதாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டேன். தேமலின் ஓரத்தில் தொட்டேன். "ம்." நடுவில் தொட்டேன். "ம்." பழைய சூட்டுத் தழும்பின் மேல் தொட்டேன். அவர் கண்ணை மூடியபடி, சிரித்த முகமாக, நான் தொடப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். வளையலைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மறைவாக உட்கார வைத்து, "தொட்டா தெரியுதா?" என்று மட்டும் கேளுங்கள். அந்த இன்னொரு வார்த்தை உங்களுக்கு வேண்டாம். இப்போதும் யாரிடமாவது என் குரல் உயரும்போது, அதை நான் என்னிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.