‘இல்லை’ என்று எழுதப்பட்ட தெரு

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன் நான். முப்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்து, அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் சிரித்தால் இன்று தண்ணீர் கொஞ்சம் தாராளம் என்று நினைப்பேன். அப்படிப்பட்டவன், சொந்த அண்ணன் மனைவி ஒரு பைசா வாங்காமல் ஊருக்காக வெயிலில் அலைகிறார் என்றால் உடனே நம்பிவிடுவேனா?

அண்ணி இருபத்தாறு வருடம் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் ரீடராக இருந்தவர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலேயே கடிக்கும், எந்த வீட்டு மீட்டர் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரில் அவருக்கு மீட்டரம்மா என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற வருடம் தேர்தல் வந்தது. காலையிலேயே தலைசீவிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனவர், அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். அங்கே யாரிடமும் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, இந்த ஊரில் என் கை படாத மீட்டர் அட்டை ஒன்றுகூடக் கிடையாது, என் பெயரை மட்டும் யாரோ விட்டுவிட்டார்கள் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாதமே முன்னறையில் நாலு நாற்காலி போட்டு வாக்காளர் உதவிக் குழுவை ஆரம்பித்துவிட்டார். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, விட்டுப்போனவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, படியேற முடியாதவர்களைத் தேர்தலன்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது, இதுதான் வேலை. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று யாரையும் கேட்கக் கூடாது, யாருக்குப் போடு என்று யாருக்கும் சொல்லவும் கூடாது.

ஊர் சும்மா இருக்குமா? ஆளும் கட்சிக்காரர்கள் அண்ணியை எதிர்க்கட்சியின் கையாள் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளும் கட்சியின் கையாள் என்றார்கள். குழுவுக்குப் பை தைக்கத் துணி எடுக்கப் போனால், எந்த நிறத்தைத் தொட்டாலும் அது ஏதோ ஒரு கட்சியின் கொடியில் இருந்தது. கடைசியில் கோணிப்பை நிறத்தில் தைத்தார்கள். அந்த நிறத்தில் புதுக் கட்சி ஒன்று வரப்போகிறது, மீட்டரம்மாதான் தலைவி என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. அதைக் கிளப்பியது நான் இல்லை. ஆனால் கேட்டபோது, இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

உள்ளே நுழைந்து பார்த்துவிடுவது என்று நானும் குழுவில் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை ஒன்றும் கிடையாது, வேவு பார்க்கத்தான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும். ஜோடியில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறவர்களாக இருக்கவும் கூடாது. ஒரு கட்சிமேல் பிரியமுள்ள தையல்காரரோடு, அந்தக் கட்சிப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மருந்துக்கடைக்காரரைச் சேர்த்துவிடுவார் அண்ணி. ஒருவர் தப்பாக எழுதினால் இன்னொருவர் பிடித்துக்கொள்வாராம். ஒவ்வொரு மாதமும் ஜோடிப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுவார். நான் சேர்ந்த நாளிலிருந்து தன் பெயருக்கு எதிரே என் பெயரையே எழுதிவந்தார். சொந்தக்காரன் என்பதால் என்னை வளைத்துப் போடுகிறார் என்று கணக்குப் போட்டேன்.

இந்த வருடம் பட்டியலைத் திருத்தும் வேலை வந்தது. தேர்தல் அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை. நீங்கள் வீடு வீடாகப் பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று எங்கள் குழுவைக் கேட்டார்கள். அண்ணி தன் பழைய தொழிலில் செய்ததுபோலவே எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஆளை நேரில் பார்த்தால் பெயருக்கு எதிரே ‘பார்த்தாச்சு’ என்று எழுத வேண்டும். வீட்டில் ஆள் கிடைக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். மீட்டர் அட்டையில் அப்படி எழுதினால் மறுபடி வரவேண்டிய வீடு என்று அர்த்தம். அடுத்த சனிக்கிழமை அந்த வீடுகளுக்கு மட்டும் இன்னொரு நடை போவார்.

அட்டைப்பெட்டி ஆலைக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. பாதித் தெரு ஆறு மணி ஷிப்டுக்குப் போயிருந்தது. வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்து, இல்லைங்க என்றார்கள். நாங்களும் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனோம். சனிக்கிழமை நடைக்கு முன்பே அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பி, எழுதிய வரைக்கும் கொடுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் நான்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் நல்ல தாளில் நகல் எடுத்தேன். அதோடு சனிக்கிழமை நடையும் நின்றுபோனது.

அதே வாரம் அதைப் பார்த்தேன். அச்சக வாசலில் நின்றிருந்தபோது ஆளும் கட்சி வட்டச் செயலாளரின் கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கியது எங்கள் அண்ணி. மூன்று வருடம் காத்திருந்தது வீண் போகவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீக்கடையில் போய்ச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, யார் காரில் யார் வந்தார் என்று மட்டும்தான். கண், காது, மூக்கு வைக்க அங்கே ஆளுக்கா பஞ்சம்?

பத்து நாள் கழித்து வரைவுப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். ஆலைப் பின்தெருவில் நாற்பத்து மூன்று பேரின் பெயர் காணாமல் போயிருந்தது. அந்தத் தெரு ஆளும் கட்சிக்கு ஒருநாளும் போட்டதில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மீட்டரம்மா கார் ஏறிய கதையும் அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். விலைபோய்விட்டார் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். தையல்காரர் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம்தான் கெடு. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்ட படிவம் போய்ச் சேராவிட்டால் அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் இந்தத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது.

மறுநாள் அண்ணி பின்தெருவுக்குக் கிளம்பினார், ஜோடி என்பதால் நானும் போனேன். முதல் வீட்டுக் கதவைத் தட்டினோம். ஒரு சின்ன வயதுப் பெண் வந்தாள். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி அண்ணி கேட்டார்.

“அவரு இல்லைங்க.”

“எப்ப வருவாரு?”

அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு, போன மாதம் எட்டாம் தேதி தவறிட்டாருங்க என்று மட்டும் சொன்னாள். அண்ணிக்கு முகமே மாறிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தெருவில் இறங்கியதும் நான் எடுத்த நகலின் பிரதியைக் கேட்டு வாங்கி, நடுவெயிலில் நின்று படித்தார். பெயர், பெயருக்கு எதிரே ‘இல்லை’. பெயர், ‘இல்லை’. நாற்பத்து மூன்று தடவை. அதில் ஒன்று மட்டும், ஆளே இல்லை என்று அலுவலகம் புரிந்துகொண்ட அர்த்தத்தில் சரி.

அந்தத் தாளை நான் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். ல போட வேண்டிய இடத்தில் ள போடவில்லையே என்று பார்த்தேன். ஒற்று சரியாக இருந்தது, கொம்பு சரியாக இருந்தது. எழுத்தை எல்லாம் சந்தேகப்பட்டவன் வார்த்தையைச் சந்தேகப்படவில்லை.

அங்கிருந்து நேரே தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல பெண்தான். இல்லைன்னு எழுதிக் கொடுத்தால் இல்லைன்னுதானே எடுத்துப்போம் என்று கேட்டாள், அதில் என்ன தப்பு? பழியை அவள்மேல் போட்டுவிடலாம், ஒரு வார்த்தை விசாரிக்காமல் நீக்கியது அவர்கள்தானே என்று நான் அண்ணியின் காதில் ஓதினேன். அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு படிவம் எண்ணி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் ஷிப்டு முடிகிற நேரமாகப் பார்த்துப் போய் வீடு வீடாக நின்றோம். தப்பு என்னுடையது, இந்த வார்த்தையை எழுதச் சொன்னவள் நான்தான் என்று ஒவ்வொரு வாசலிலும் அதே குரலில் சொன்னார். கேட்டவர்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஏற்கெனவே பெயர் போய்விட்டது, இதில் கையெழுத்து வேறு வாங்கி வீட்டையும் எழுதிக்கொள்ளவா என்றார் ஒருவர். படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே வேறு எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார் இன்னொருவர். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். கடைசியில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். மேஸ்திரி போட்டால் நாங்களும் போடுகிறோம்.

மேஸ்திரி என்பவர் ஆலையில் ஷிப்டு பார்ப்பவர். அந்தத் தெருவில் அவர் தும்மினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்தோம். கைகால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். வாசலில் பாதித் தெரு நின்றது.

“நீங்க எந்தக் கட்சின்னு சொல்லிடுங்க. எங்க கட்சின்னாலும் சரி, அவங்க கட்சின்னாலும் சரி. தெரிஞ்சா கையெழுத்துப் போட்டுடறேன்.”

அண்ணி ஒரு பொய் சொன்னால் போதும். உங்கள் கட்சிதான் என்று மெதுவாகச் சொல்லியிருந்தால் நாற்பத்திரண்டு கையெழுத்தும் கையில் வந்திருக்கும். நான் மனதுக்குள் சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“அதை மட்டும் கேக்காதீங்க,” என்றார் அண்ணி. “அதைச் சொல்லிட்டா நாளைக்கு அடுத்த தெருவுல என்னால கதவைத் தட்ட முடியாது.”

“அப்ப அந்தக் கார்ல எதுக்கு வந்தீங்க? இதோ, உங்க வீட்டு ஆளே டீக்கடையில சொன்னாரே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தார். பார்த்தது நான்தான், சொன்னதும் நான்தான் என்றேன். நிறுத்தியிருக்கலாம், ஆனால் அதோடு நிற்க முடியவில்லை. அந்தப் பட்டியலை நகல் எடுத்ததும் நான்தான் என்றேன்.

அண்ணி மேஸ்திரியிடம் திரும்பி, வரப்போகும் வரைவுப் பட்டியலைச் சரிபார்க்க இரண்டு கட்சிக்காரர்களையும் கூப்பிடப் போனதாகச் சொன்னார். முதல் நாள் செயலாளர் வீட்டிலிருந்து கிளம்பும்போது மழை கொட்டியதாம், காரில் கொண்டுவந்து விட்டார்களாம். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்குப் போனாராம், அன்றைக்கு மழை இல்லை, பஸ்ஸில் வந்தாராம். அந்தக் கதை மட்டும் ஏன் டீக்கடைக்கு வரவில்லையோ தெரியவில்லை என்றார். வாசலில் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

“உங்களையே சந்தேகப்படற ஆளை எதுக்குக் கூடவே கூட்டிட்டு அலையறீங்க?”

“சந்தேகப்படறாருன்னுதான் கூட்டிட்டு வரேன்.”

மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை எடுத்தார். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடி படித்தார். என்னிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, வரிக்கு வரி நிறுத்தி அர்த்தம் கேட்டார். அப்புறம்தான் பேனாவைக் கேட்டார்.

“உங்களை நம்பிப் போடல. படிச்சுட்டுப் போடறேன்.”

“அப்படித்தான் போடணும்,” என்றார் அண்ணி. மூன்று நாளில் முதல் முறையாக அவர் முகம் தெளிந்தது.

அதற்குப் பிறகு வாசலில் வரிசை நின்றது. ஏழு மணிக்குள் நாற்பத்திரண்டும் முடிந்தன. திரும்பி வரும்போது அண்ணி திட்டுவார், அண்ணனிடம் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேருந்து நிறுத்தம் வரை படிவங்களை எண்ணிக்கொண்டே நடந்தார். அங்கே வந்து நின்றதும், கோபமில்லாமல், பஸ் நம்பரைப் பார்க்கிறவர்போல் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீங்க சந்தேகப்படுவீங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா என்கிட்ட வந்து கேப்பீங்கன்னு நினைச்சேன்.”

மூன்று வருடம் அவர் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே என்ற பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் படிவங்களைக் கொடுத்தோம். பெயர்கள் எல்லாம் திரும்பி வந்தன. அடுத்த மாதம் மேஸ்திரி குழுவில் சேர்ந்தார். உங்களைக் கண்காணிக்கத்தான் வருகிறேன் என்று அண்ணியின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்று மாலை புது ஜோடிப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். என் பெயர் மருந்துக்கடைக்காரருக்கு எதிரே இருந்தது. தன் பெயருக்கு எதிரே மேஸ்திரியின் பெயரை எழுதியிருந்தார்.