தொங்கிக் காட்டி விற்ற கேரியர்

காரில் சைக்கிள் மாட்டும் கேரியர் வாங்க இன்று காளவாசலில் ஒரு கடைக்குப் போனோம்.

கூரைமேல் வைப்பதா, பின்னால் டிக்கியில் மாட்டுவதா என்று ஒரே குழப்பம். "கூரை நமக்கு எட்டாதும்மா" என்று கணவர் பின்னால் மாட்டுவதையே எடுத்துவிட்டார்.

எனக்கோ பயம். கொட்டாம்பட்டி ரோட்டில் சைக்கிள் கழன்று பின்னால் வருகிறவர்மேல் விழுந்தால்?

"விழுகாதுல்லண்ணே?" மறுபடி மறுபடி கேட்டேன்.

கடைக்காரர் கல்லாவில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, தங்கச்சிக்குத் தொங்கிக் காட்டு."

அந்த அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் காரில் மாட்டிய கேரியரைப் பிடித்துக் காலைத் தூக்கிவிட்டார். கடைக்காரர் காரைப் போட்டு உலுக்கினார். கேரியரும் நழுவவில்லை, அக்காவும் நழுவவில்லை. நடுவில் செல்போன் வேறு அடித்தது. ஒற்றைக் கையில் தொங்கியபடியே, "சோறு வச்சுட்டேன், கொழம்ப நீ வையி, இந்தா வாரேன்" என்றார்!

நான் வாயைப் பிளந்து நின்றேன்.

இறங்கியவர் கேட்டார்: "ஒஞ் சைக்கிளு என்னைய விடவா கனம்?"

வாங்கிவிட்டோம். பயம் போயே போச்சு.

ஆனால் கூடவே நின்று பார்த்த என் மகள் சாயங்காலத்திலிருந்து அந்தக் கேரியரில்தான் தொங்குகிறாள். சாப்பிடக்கூட இறங்கவில்லை. இறக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.