திமிங்கிலச் சுறாவும் தாம்பரத்துக் கைகளும்

சுற்றுலாவுக்கு ஆள் கூட்டிப் போகிறவனுக்குக் காலில் வலு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணில் சந்தேகம் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போய், சண்டை வராமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும். ரிட்டயர் ஆனபின் சும்மா இருக்கத் தெரியாமல், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல்மாடியில் அறை பிடித்து, மாலத்தீவுக்கு ஆள் அனுப்பும் கடை போட்டேன். கேமரா வைத்த செல்போன் அப்போதுதான் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்தது. நான் காட்டியது திமிங்கிலச் சுறா, உலகத்திலேயே பெரிய மீன். முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுக்குழாய், மிதந்தபடியே பார்க்கலாம். தொடக் கூடாது, துரத்தக் கூடாது, தீனி போடக் கூடாது. சொல்வதற்கு எவ்வளவு சுலபம், பாருங்கள்!

பொரி

பள்ளிக்கரணையிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை. லைஃப் ஜாக்கெட்டுக்குள் ஒரு பொட்டலத்தை ஒளித்து வைத்திருந்து, மீன் பக்கத்தில் வந்ததும் அள்ளி வீசிவிட்டார். திமிங்கிலச் சுறா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சமுத்திரத்தில் இருந்த மற்ற மீனெல்லாம் வந்து அவரை மொய்த்துக்கொண்டன. ஊர் திரும்பி மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்கியபோதும் அவர் கைப்பையிலிருந்து ஒன்று துள்ளியது என்றால் நம்புங்கள்.

படகுக் கேப்டன் ஹசன் மாலத்தீவுக்காரர். தாயாரின் வைத்தியத்துக்காகச் சென்னையில் தங்கியபோது ஆட்டோக்காரர்களிடம் தமிழ் கற்றவர். மீனைக் கண்டதும் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளியே நிற்பது அவர் படகு ஒன்றுதான். மற்ற படகுகள் மீனை நாலாபக்கமும் வளைத்துவிடும். அவர் கைவிட்டால் என் கடைக்குப் பூட்டு. பொரி விழுந்த அன்றே அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா பெருசு, இது இன்னா கோயில் கொளமா? இன்னொரு தபா உன் ஆளு மீனத் தொட்டான், எதுனா போட்டான்னு வெச்சிக்கோ, அத்தோட உனுக்கு என் போட்டு கெடியாது!"

டீ மட்டும்

அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பேன். பல்லாவரத்தில் தோல் பை வியாபாரம் செய்யும் ஜமால் பாய் வந்தார். எந்தச் சரக்கையும் விரலால் தடவிப் பார்க்காமல் பேசத் தெரியாதவர். என் மேஜை விரிப்பையே இரண்டு முறை தடவிவிட்டார். விரிப்பை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பாய், அது வாயைத் திறந்தா ஒரு ஷேர் ஆட்டோ ஆளோட உள்ளே போய் யூ-டர்ன் அடிச்சு வரலாம்" என்று ஆரம்பித்தேன். வழக்கமான என் சரக்கு. "ஆனா ஆளைத் தின்னாது. தண்ணியில மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியத்தான் வடிகட்டிச் சாப்பிடும்" என்றேன். முதலில் சொன்னது பொய், இரண்டாவது சத்தியம். பாய் பொய்யை அப்படியே ஏற்றுக்கொண்டார், சத்தியத்தில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "எங்க கடைக்கு வர்ற இன்ஸ்பெக்டரும் டீ மட்டும்தான் சாப்பிடுவேன்னுதான் சார் சொல்வாரு."

தண்ணீர் லாரி ஒத்திகை

கை நீளாமல் பழக்க வேண்டும். மீனும் ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி அளவு. கோவிலம்பாக்கத்தில் லாரி வரும் தெருவாகப் பார்த்து, பாயையும், அதே பயணத்துக்குப் பணம் கட்டியிருந்த கிழக்குத் தாம்பரத்து ஸ்டெல்லா டீச்சரையும், அவர் கணவரையும் கொண்டுபோய் நிறுத்தினேன். லாரி மெதுவாக வரும்போது பக்கவாட்டில் தள்ளியே நடக்க வேண்டும், முன்னால் மறிக்கக் கூடாது, பின்பக்கம் போகவே கூடாது. பின்பக்கம்தான் வால்.

லாரி வந்தது. டீச்சர் நின்ற இடத்தில் இல்லை. யார் வீட்டுக் குடமோ தெரியாது, அதைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் முதல் ஆளாக நின்றார். நான் முறைத்ததும் குடத்தைக் கீழே வைத்தார். "சார், தண்ணி லாரியப் பார்த்துட்டு ஓடாம நிக்கிறதா? நான் பொறந்து வளந்தது இந்தப் பக்கம் சார்!"

கேரண்டி

மாலத்தீவு போய்ச் சேர்ந்த முதல் நாள் மீன் வரவில்லை. ஹசன் வெறுமனே திரும்பினார். சாயங்காலம் விடுதி வாசலில் வேறொரு படகுக்காரன் வந்து நின்றான். நாளைக்கு மீன் கேரண்டி, தொட்டுப் போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம் என்றான். 'தொட்டு' என்றதும் பாயின் விரல்கள் லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். என் கடை அந்த விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேரண்டி தருகிறவன் சரக்கைத்தான் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார். டீச்சர் அவனையே கேட்டுவிட்டார், எதைப் போட்டு வரவழைக்கிறாய் என்று. அவன் சிரித்து மழுப்பினான். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "பீஸ் கட்டின பசங்களே எனக்கு ஒழுங்கா அட்டெண்டன்ஸ் தர மாட்டேங்குது, கடல்ல திரியற மீன் இவனுக்குத் தருதாமா? நாங்க ஹசனோடயே வர்றோம் சார்."

வால்

மறுநாள் வந்தது. டீச்சரின் கணவர் குமட்டல் தாங்காமல் படகிலேயே படுத்துவிட்டார். நாங்கள் மூவரும் இறங்கினோம். நான் பார்த்தது கைகளைத்தான். பாய் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு மிதந்தார். டீச்சரின் கை மெல்ல எழுந்தது. போச்சு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறார் என்று குறுக்கே பாய்ந்தேன். அந்தக் கை நேரே அவர் நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு அடங்கியது.

மேலே ஹசன் கத்துவது காதில் விழுந்தது. படகில் ஏறினேன். பாயும் டீச்சரும் மீன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹசன் அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "உன் ஆளுங்க தங்கமா கீறாங்கோ பெருசு. நீதான் மீனுக்கு முதுவக் காட்டிக்கினு வாலாண்ட போய்ட்ட! இனிமே இவங்கள மாரி ஆளுங்கள அனுப்பு, நீ தாம்பரத்துலயே குந்து."

அதற்கப்புறம் நான் அனுப்பியவர்களெல்லாம் மீனைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கதை கதையாய் அளக்கிறார்கள், நானும் ஒரு வார்த்தையையும் நம்பாமல் கடைசிவரை கேட்டுக்கொள்கிறேன்.